தொப்பியின் குரல்: மிருதங்கத்தின் இடந்தலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கருநாடக இசை நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்னர் மேடையில் நிகழும் ஒரு சிறு செயலை நம்மில் பலர் கண்டிருப்போம். மிருதங்கக் கலைஞர் ஒரு கிண்ணத்திலிருந்து நனைத்த ரவையை எடுத்துப் பிசைவார். அதனை வட்டமாகத் தட்டிக் கருவியின் இடப்பக்கத் தோலின் நடுவில் ஒட்டுவார். இரண்டு மூன்று முறை தட்டிக் கேட்பார். சிறிது கிள்ளி எடுப்பார் அல்லது சிறிது சேர்ப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த ரவையைச் சுரண்டி எடுத்து எறிந்துவிடுவார். பார்வையாளர்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பாடகரின் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதை உற்றுக் கவனிக்கும் சுவைஞர்கள்கூட, இடப்பக்கத்தில் ரவை ஒட்டப்படுவதை ஏதோ துப்புரவு வேலை போலவே காண்கின்றனர்.

மிருதங்கத்தின் வலப்பக்கத் தலை வலந்தலை எனப்படும். இடப்பக்கத் தலை இடந்தலை என்றும், கலைஞர்களிடையே பெருவழக்காகத் தொப்பி என்றும் வழங்கும். வலந்தலையின் நடுவில் கரணை எனப்படும் கரிய பூச்சு நிலையாக அமைந்திருக்கும். தொப்பிக்கு அவ்வாறான நிலையான பூச்சு கிடையாது. அதன் தாழ்ந்த குரல் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக உருவாக்கப்பட்டுப் பின்னர் அழிக்கப்படுகிறது. மிருதங்கம் பற்றி எழுதப்பட்ட வரலாறு, அறிவியல், இசைத்திறனாய்வு ஆகிய மூன்றிலும் வலந்தலையே பெரும்பகுதியைப் பெற்றிருப்பதற்கு இவ்வழிதல் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. மற்றொரு காரணம், தோலைத் தெரிவு செய்து தொப்பியைக் கட்டியவர்கள் எழுதுகின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இல்லை என்பது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

மறத்தோலும் இசைத்தோலும்

எந்த விலங்கின் தோலை எந்தக் கருவிக்குப் போர்த்துவது என்னும் வினா சங்க இலக்கியத்திலேயே எழுகின்றது. ஆனால் ஆங்கு நாம் காணும் விடை இசை சார்ந்ததன்று. அரசனது முரசுக்கு, போரிட்டு வென்ற வலிய ஏற்றின் தோலை மயிர் நீக்காமல் போர்த்தியதாகப் புறநானூறும் மதுரைக்காஞ்சியும் குறிப்பிடுகின்றன. மயிரோடு கூடிய தோல் ஒலியின் கூர்மையைக் குறைத்து முழக்கத்தைத் தடிப்பாக்கியிருக்கும் என ஒலியியல் நோக்கில் ஊகிக்கலாம். எனினும் புலவர்களின் அக்கறை அதுவன்று. விலங்கின் மறம் தோலின் வழியே முரசுக்கும், முரசின் வழியே அரசனுக்கும் வருகின்றது என்பதே அவர்களின் நோக்கு. வகுப்பறையில் முரசு பற்றிய பாடல்களைக் கற்பிக்கும்போது இப்பொருளை நாம் தவறாமல் விளக்குகிறோம். அதே நூல்களில் முழவு பற்றி வரும் அடைமொழிகளை அவ்வளவாக விளக்குவதில்லை.

முழவைக் குறிக்கும் இடங்களில் ‘மண்’ என்னும் சொல் அடையாக வருவதைச் சங்கப் பாடல்களில் காணலாம். முழவின் கண்ணில் பூசப்படும் மார்ச்சனை என இதற்கு உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். முரசுக்கு வீரம் அடை. முழவுக்கு மண் அடை. முரசு அறிவிக்கும் கருவி, முழவு யாழோடும் குழலோடும் இயைய வேண்டிய கருவி என்னும் வேறுபாடு இவ்விரு அடைகளிலும் வெளிப்படுகின்றது. பிற கருவிகளோடு இயைய வேண்டுமானால் தோலுக்குக் குறிப்பிட்ட சுருதி வேண்டும். சுருதியைத் தோலின் இறுக்கம் மட்டும் தந்துவிடாது. எடை ஏற்ற வேண்டும். இந்த நுட்பம் அக்காலத்திலேயே வழக்கில் இருந்தது என்பதற்கு ‘மண்’ என்னும் அந்தச் சிறு சொல் சான்றாகிறது.

பரதரின் நாட்டிய சாத்திரத்தில் புட்கர வாத்தியங்களைப் பற்றிய இயல் இதனை விரித்துரைக்கின்றது. தாமரை இலைகளின்மீது மழைத்துளிகள் விழுந்து எழுப்பிய ஓசையைக் கேட்ட சுவாதி முனிவர் அவ்வோசையைக் கருவியில் கொணர முற்பட்டார் என்னும் தோற்றக்கதை அவ்வியலில்தான் இடம்பெறுகின்றது. கதையைவிட நமக்குப் பயன்படுவது அதன் செய்முறைப் பகுதி. ஆற்றங்கரையின் கருமையான மண்ணைப் பூச வேண்டும் என்றும், அம்மண் கிடைக்காதபோது கோதுமை மாவையோ வாற்கோதுமை மாவையோ கொள்ளலாம் என்றும் அந்நூல் கூறுகின்றது. மூவகை மார்ச்சனைகளையும், முகங்களுக்கு எந்தெந்தச் சுரத்தைப் பொருத்த வேண்டும் என்பதையும் அது வகுத்துக் காட்டுகின்றது.

இன்று நாம் தொப்பியில் ஒட்டும் ரவையும் கோதுமையிலிருந்து கிடைப்பதே. வடநாட்டுப் பகாவஜ் கருவியின் இடப்பக்கத்தில் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. நாட்டிய சாத்திரம் கூறிய மாற்றுப் பொருளே தொடர்ச்சியாக வந்து தொப்பியில் எஞ்சியது என உறுதியாகக் கூறிவிட இயலாது. இடையில் பல நூற்றாண்டுகள் உள்ளன. ஆயினும் வலந்தலையின் பூச்சு இறுகி நிலைபெற்றுவிட, இடந்தலை மட்டும் பூசி அழிக்கும் பழைய முறையிலேயே நிற்கின்றது என்று கொள்வதில் தடையில்லை. அவ்வகையில் தொப்பியே மிருதங்கத்தின் தொன்மையான பக்கம்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தண்ணுமை முதல்வனின் இலக்கணம் கூறப்படுகின்றது. அவ்விடத்து அடியார்க்கு நல்லார் தரும் தோற்கருவிப் பட்டியலும், அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு எனத் தொடங்கும் அவரது பகுப்பும் தமிழாசிரியர்கள் நன்கறிந்தவை. மத்தளம் என்னும் பெயரை ஓசையைக் குறிக்கும் ‘மத்து’ என்பதோடும் இடத்தைக் குறிக்கும் ‘தளம்’ என்பதோடும் அவர் இயைத்துக் காட்டுவார். இத்துணை நுட்பமாகக் கருவிகளை வகைப்படுத்திய உரையாசிரியர், தண்ணுமையை வாசிப்பவனின் தகுதிகளை விரித்துரைத்த மூலநூலாசிரியரின் வழியையே பின்பற்றுகிறார். கருவியைக் கட்டுபவனின் தகுதியை இருவரும் பேசவில்லை. யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமையாசிரியன் என ஒவ்வொருவருக்கும் இலக்கணம் வகுத்த ஒரு மரபில், தோலைத் தெரிந்து போர்த்தியவனுக்கு ஓர் அடிகூட ஒதுக்கப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் வலந்தலை

இருபதாம் நூற்றாண்டில் மிருதங்கம் அறிவியலின் கவனத்துக்கு வந்தது. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி.வி. இராமன், சிவகாளி குமார் என்பவரோடு இணைந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் இந்தியத் தோற்கருவிகளின் ஒத்திசை மேற்சுரங்களைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். பழங்கால இந்துக்களின் ஒலியியல் அறிவு குறித்து 1922இல் தனிக்கட்டுரையும் எழுதினார். 1934இல் தாம் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் (பின்னாளில் அகாதெமி என்றே பெரிதும் வழங்குவது) ஆய்வேட்டின் முதல் தொகுதியிலேயே இந்திய இசைத் தோற்கருவிகள் பற்றிய விரிவான கட்டுரையை வெளியிட்டார்.

இராமன் கண்டதைச் சுருக்கமாகக் கூறுவோம். சீரான ஒரு வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் அடிப்படைச் சுரத்தின் முழுமடங்குகளாக அமைவதில்லை. அடிப்படையை 1 எனக் கொண்டால் அடுத்தவை ஏறத்தாழ 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என ஒழுங்கின்றிச் செல்லும். இதனால்தான் சாதாரணப் பறையொலியில் தெளிவான சுரம் கேட்பதில்லை. தோலின் நடுவில் உரிய அளவில் எடை ஏற்றினால் இவ்வெண்கள் இடம்பெயர்ந்து 1, 2, 3, 4, 5 என்னும் ஒழுங்கை நெருங்குகின்றன. மிருதங்க வலந்தலையின் முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஐந்து ஒத்திசைச் சுரங்களாகத் திரள்கின்றன என்பதை, தோலின்மீது நுண்மணலைத் தூவி அது ஒதுங்கும் கோடுகளைப் படமெடுத்து அவர் நிறுவினார். மேலைநாட்டு இசையில் சுருதியற்ற ஓசைக்கருவி என ஒதுக்கப்பட்ட தோற்கருவி வகை, நரம்புக்கருவிகளோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது என்பதை அப்படங்கள் மறுக்கவியலாதவாறு காட்டின.

இராமனின் ஆய்வு பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பொதுவாக இவ்விடத்தில் பெருமிதத்தோடு நின்றுவிடும். நாம் சற்று அப்பால் செல்ல வேண்டும். ஒத்திசை மேற்சுரங்கள் என்னும் வியப்பு வலந்தலைக்கு உரியது. தொப்பியின் சிறப்பு வேறு வகையானது. அதன்மீது ஏற்றப்படும் எடை அடிப்படைச் சுரத்தைத் தாழ்த்துகின்றது. சிதறும் மேற்சுரங்களை அடக்குகின்றது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்க்கும்போது சுரம் வழுக்கி ஏறுவதற்கு இடம் தருகின்றது. இங்கு எடை நிலையான ஒன்றன்று. ரவை உலர உலர நீர் ஆவியாகி எடை குறைகின்றது, சுருதி ஏறுகின்றது. கலைஞர் இடையிடையே விரலை நனைத்து ரவையைத் தடவுவது இதனாலேயே. நிலையான கரணையை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளப்பது எளிது. மணிக்கு மணி மாறும் ஒன்றை அளப்பது அவ்வளவு எளிதன்று.

பெங்களூரில் பி.எஸ். இராமகிருஷ்ணாவும் மன் மோகன் சோந்தியும் 1954இல் இந்தியத் தோற்கருவிகளை இருவேறு அடர்த்தி கொண்ட கூட்டுத்தோலாகக் கருதி அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் எழுதினர். 1957இல் இராமகிருஷ்ணா இடக்கைத் தபலாவின் அதிர்வுகளைத் தனியே ஆராய்ந்தார். தாழ்சுருதித் தலைக்கென எழுந்த ஆய்வு என்னும் வகையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் இடக்கைத் தபலாவின் கரிய பூச்சு நடுவிலிருந்து விலகி நிலையாக அமைந்தது. ஒட்டி எடுக்கும் ரவையின் நிலை வேறு.

தோலும் மூட்டும் வாரும்

மிருதங்கம் பெரும்பாலும் பலாமரத்தில் கடையப்படுகின்றது. உள்ளே குடைந்த கட்டையின் இரு வாய்களிலும் தலைகள் பொருத்தப்பட்டு, எருமைத்தோல் வார்களால் இருபுறமும் இழுத்துக் கட்டப்படும். ஆகவே ஒரு தலையின் இறுக்கம் மற்றதைப் பாதிக்கும். அதற்கு மேலாக, கட்டைக்குள் அடைபட்ட காற்று இரு தலைகளின் அதிர்வுகளையும் பிணைத்து வைக்கின்றது. வலந்தலையை மட்டும் நன்கு கட்டி, தொப்பியைப் புறக்கணித்தால் வலந்தலையும் கெடும் என்று கைவினைஞர்கள் கூறுவதற்கு இதுவே அடிப்படை.

மிருதங்கத்துக்கு மூவகைத் தோல்கள் தேவைப்படுகின்றன: பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். தொப்பியில் ஒலிக்கும் படலம் ஆட்டுத்தோலால் ஆனது. அதன் விளிம்பைச் சுற்றித் தடித்த எருமைத்தோல் வளையம் அமைகின்றது. இரண்டையும் சேர்த்து விளிம்பில் பின்னப்படும் தோற்பின்னலை மூட்டு என்பர். வார்கள் இம்மூட்டின் துளைகளுக்குள் நுழைந்து செல்கின்றன. ஆட்டுத்தோல் மெல்லியதாய் நெகிழ்வதால் தாழ்ந்த சுரத்துக்கு இடம் தருகின்றது. எருமைத்தோல் வளையம் விளிம்பில் எழும் தேவையற்ற மேற்சுரங்களை விழுங்கிக்கொள்கின்றது. எந்தத் தோலை எடுப்பது என்பது கண்ணாலும் விரலாலும் காதாலும் முடிவு செய்யப்படுவது. விலங்கின் வயது, அது உண்ட தீனி, நோயின் சுவடு, தோலில் காய்ந்த புண்ணின் வடு, ஒரே தோலின் வயிற்றுப்புறத்துக்கும் முதுகுப்புறத்துக்கும் உள்ள தடிப்பு வேறுபாடு ஆகியவற்றைக் கைவினைஞர் பார்க்கிறார். தோலைத் தட்டி ஒலி கேட்பதற்கு முன்பே இவ்வளவும் முடிந்துவிடுகின்றது.

சுருதி சேர்க்கும் முறையும் பொறுமை வேண்டுவது. கல்லையும் மரக்கட்டையையும் கொண்டு மூட்டின்மீது உள்நோக்கித் தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். வார்ப்பக்கமிருந்து வெளிநோக்கித் தட்டினால் தளர்ந்து இறங்கும். சுற்றிலும் எல்லாக் கண்களும் ஒரே சுரத்தைக் காட்ட வேண்டும். ஒரு கண் விலகினாலும் ஒலி இரட்டிக்கும். இவ்வாறு கட்டமைப்பால் வந்த இறுக்கத்தைச் செம்மை செய்த பின்னரே ரவைக்கு வேலை. தொப்பியைப் பொதுவாக ஆதார சுருதிக்கு ஒரு தாயி கீழே சேர்ப்பர். மந்தர பஞ்சமத்துக்குச் சேர்ப்போரும் உளர். தளர்ந்துபோன தொப்பியை ரவையால் சரிசெய்துவிடலாம் என்று தொடக்க நிலை மாணவர்கள் எண்ணுவதுண்டு. ரவை தாழ்த்துமேயன்றி உயர்த்தாது. இறுக்கம் இல்லாத தோலில் ரவையை அப்பினால் கிடைப்பது ஆழமன்று, மந்தம்.

தொப்பியின் காலம்

தொப்பியின் ஓசை இசையரங்கில் தனித்த மதிப்புப் பெற்றதில் புதுக்கோட்டை மரபைச் சார்ந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பங்கு பெரிது. 1962இல் மறைந்த அவர் இடக்கைப் பழக்கமுடையவர். எனவே வலந்தலையை இடக்கையாலும் தொப்பியை வலக்கையாலும் வாசித்தார். இடந்தலை என்னும் பெயரே அவரது கருவிக்குப் பொருந்தாமல் போனது ஒரு சுவையான முரண். வலந்தலை அவையோரை நோக்கியிருக்க வேண்டும் என்பது மேடை வழக்கு. இடக்கையாளர் அமர்ந்தால் பக்கவாத்தியக்காரர்களின் இருக்கை ஒழுங்கு மாற வேண்டியிருந்தது. அதனை ஏற்க மறுத்தோர் இருந்த காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணைநின்றார். தொப்பியில் எழும் கும்கி என்னும் வழுக்கோசையைத் தாளக்கட்டின் அலங்காரமாக அன்றி, பாட்டின் நெளிவுகளுக்கு ஈடுகொடுக்கும் குரலாக அவர் ஆக்கினார் என்று இசைவாணர் போற்றுவர்.

நம் நாட்டில் கோவில் திருவிழாக்களில் ஒலிக்கும் உருமியின் இடப்பக்கத் தோலும் வளைந்த குச்சியால் தேய்க்கப்பட்டு ஏறத்தாழ இத்தகைய வழுக்கோசையைத்தான் எழுப்புகின்றது. ஒன்று சபா மேடையிலும் மற்றது தெருவிலும் கேட்பதால் நாம் இரண்டையும் சேர்த்து எண்ணுவதில்லை.

ஒலிபெருக்கியின் வருகை மற்றொரு திருப்பம். பாடகரின் குரலே கூடத்தை நிறைக்க வேண்டியிருந்த காலத்தில் உயர்ந்த சுருதியில் பாடுவது வழக்கம். உயர்ந்த சுருதிக்கு இறுகக் கட்டிய மிருதங்கத்தில் தொப்பியும் ஏறியே இருக்கும். ஒலிபெருக்கி வந்தபின் சுருதிகள் தாழ்ந்தன. முன்பு கடைசி வரிசையைச் சென்றடையாத தாழ்ந்த ஓசைகளும் கேட்கலாயின. இதனால் தொப்பி ஆதாயம் பெற்றது எனலாம். ஆனால் பாலக்காடு மணி ஐயர் போன்றோர் ஒலிபெருக்கியை விரும்பவில்லை என்பதையும் கருத வேண்டும். கருவியின் இயல்பான நாதத்தை அது திரிக்கின்றது என்பது அவர்தம் வாதம். இன்றைய அரங்குகளில் தொப்பிக்கென ஒரு தனி ஒலிவாங்கியை வைத்து, தாழ்ந்த அதிர்வுகளை அளவின்றி உயர்த்தி, ரவையின் நுட்பம் எதுவும் தெரியாதபடி இடியோசையாக்கிவிடும் ஒலிப்பொறியாளர்களைக் காணும்போது மணி ஐயரின் வாதம் அவ்வளவு பழமையானதாகத் தோன்றவில்லை.

கன்றுத்தோல் விடைபெற்ற இடம்

தாழ்சுருதித் தோலின் சிக்கல் மேலைநாட்டிலும் இருந்தது. அங்கு அது வேறு வழியில் தீர்க்கப்பட்டது. காலால் மிதித்து அடிக்கும் பெருமுரசு 1909இல் லுட்விக் நிறுவனத்தார் வடிவமைத்த மிதிகருவியால் பரவலாயிற்று. அதன் தலைகள் கன்றுத்தோலால் ஆனவை. ஈரக்காற்றில் அவை தளர்ந்து தொய்ந்தன. வறண்ட அறையில் இறுகி வெடித்தன. 1950களில் மைலார் எனப்படும் பாலியெஸ்டர் படலம் தோலுக்கு மாற்றாக வந்தது. ரெமோ பெல்லி தம் நிறுவனத்தைத் தொடங்கியது 1957இல். இராமகிருஷ்ணா இடக்கைத் தபலாவை ஆராய்ந்து எழுதியதும் அதே ஆண்டில். ஒரு சில ஆண்டுகளிலேயே கன்றுத்தோல் பெருமுரசிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

மறைந்தபின் ஒரு புதிய குறை தோன்றியது. சீரான படலம் சீரான மேற்சுரங்களை எழுப்பியது. ஓசை நீண்டு அதிர்ந்தது. அதனை அடக்கத் தலையணையை உள்ளே திணித்தனர், தலையின் குறுக்கே கம்பளித் துணிப்பட்டையை வைத்தனர், முன்தலையில் துளையிட்டனர். பின்னர் உற்பத்தியாளர்களே படலத்தின் விளிம்பின் உட்புறத்தில் ஒரு வளையத்தை ஒட்டித் தரலாயினர். எருமைத்தோல் வளையம் தொப்பிக்குச் செய்வதும் இந்த வேலைதான். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்ததாக இதற்குப் பொருளில்லை. வட்டத் தலையின் இயல்பு இரு மரபினரையும் ஒரே விடைக்கு இட்டுச் சென்றது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பெருமுரசுத் தலையைச் செய்தவர்களின் பெயர்கள் அத்தலைகளிலேயே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன.

மிருதங்கத்திலும் செயற்கைத் தலைகள் முயலப்பட்டுள்ளன. பெங்களூரைச் சேர்ந்த கலைஞரும் பொறியியலாளருமான கா. வரதரங்கன் உருவாக்கிய செயற்கை மிருதங்கம் இவற்றுள் அறியப்பட்டது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரவெப்ப நாடுகளில் இதற்கு ஒரு தனிப் பயன் இருக்கின்றது. வெளியே காற்றில் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்த தோல், குளிரூட்டப்பட்ட மண்டபத்துக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். ரவையும் விரைந்து காயும். நம் ஊரில் வாசிக்கும் கலைஞர் தஞ்சையில் வாசிப்பவரைவிட அடிக்கடி விரலை நனைக்க வேண்டியுள்ளது. எனினும் முதுநிலைக் கலைஞர்கள் பெரும்பாலோர் தோலையே பற்றி நிற்கின்றனர். பழமைப்பற்று என்று இதனைத் தள்ளிவிடுவதற்கு முன், கும்கியின்போது உள்ளங்கை தோலைப் பற்றும் பிடிப்பை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

கஞ்சிராவின் கதை வேறுவிதமாகத் திரும்பியது. அதன் தலை உடும்புத் தோலால் ஆனது; பின்புறம் நீர் தெளித்துச் சுருதியைத் தாழ்த்துவர். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து, உடும்பு அதன் காப்புக்குள் சேர்ந்தபின், ஆட்டுத்தோலும் செயற்கைப் படலமும் அவ்விடத்துக்கு வந்தன. அங்கு தோலைத் தெரிவு செய்தது காதன்று, சட்டம்.

பெயர்கள்

தஞ்சாவூரில் செபஸ்தியான் என்பவரின் வழியில் வந்த மிருதங்கக் கைவினைஞர் குடும்பம் இன்று ஓரளவு அறியப்பட்டுள்ளது. இக்குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து பாலக்காடு மணி ஐயரோடு நெடுங்காலம் இணைந்து பணியாற்றினார். மணி ஐயர் விரும்பிய நாதத்தைத் தோலில் கண்டறிந்து கொடுத்தவர் அவர். இது போன்ற கூட்டுழைப்பில் எது கலைஞரின் கேள்வி, எது கைவினைஞரின் விடை என்று பிரிப்பது கடினம். ஆனால் இசை வரலாற்றில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டது. மற்றது கலைஞர்களின் நினைவுப் பேச்சோடு நின்றது. 1966இல் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் மிருதங்க வித்துவான் மணி ஐயர். பர்லாந்துக்கு உரிய விருது என்று ஒன்று அக்காலத்தில் இருந்ததில்லை.

இக்குறையைப் பெருமளவு நிறைவு செய்தது டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூல். மிருதங்கம் கட்டுவோருள் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள் என்பதையும், தோலுக்காக விலங்கு கொல்லப்படுவதும் அத்தோலில் தெய்வீக இசை எழுப்பப்படுவதும் ஒரே சமூகத்தில் எவ்வாறு பிரித்து வைக்கப்பட்டன என்பதையும் அந்நூல் கைவினைஞர்களின் வாய்மொழியைக் கொண்டு விவரிக்கின்றது. அதன் வெளியீட்டு விழாவுக்கு அளித்த அரங்க அனுமதியைச் சென்னை கலாக்ஷேத்ரா மீட்டுக்கொண்டதும், விழா வேறிடத்தில் நடந்ததும் செய்தியாயின. பசுத்தோல் பற்றிய பேச்சே அன்று பெரிதாக எழுந்தது. நூலில் இடம்பெறும் கைவினை நுட்பங்களைப் பற்றி எழுந்த பேச்சு குறைவு. என்னைப் பொறுத்தவரை அந்நுட்பங்களே அந்நூலின் முதுகெலும்பு. இராமனின் 1934ஆம் ஆண்டுக் கட்டுரையை அதனருகில் வைத்துப் படிக்க வேண்டும். பழங்காலத்தாரின் ஒலியியல் அறிவை இராமன் வியந்தார். அவ்வறிவு பழங்காலத்தில் நின்றுவிடவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தஞ்சையிலும் சென்னையிலும் சிலர் தரையில் அமர்ந்து மூட்டுப் பின்னிக்கொண்டிருந்தனர்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை இருக்கின்றது. மூட்டு, வார், கரணை, கிட்டான், கப்பி, குச்சி, கண், தொப்பி என இக்கைவினையின் சொற்களில் பலவற்றைத் தொழில்சார் பொருளோடு நம் அகராதிகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வலந்தலையின் தோலடுக்குகளுக்கிடையில் சிறு கற்களைச் செருகினால் கப்பி மிருதங்கம். ஈர்க்குத் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். இவ்வேறுபாட்டை ஒரு பத்து வயது மாணவன் தன் ஆசானிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். தமிழ் பயின்ற பட்டதாரி அறிந்திருப்பதில்லை. சங்க நூல்களின் கருவிப் பெயர்களை மனப்பாடம் செய்விக்கும் நாம், உயிரோடு வழங்கும் இச்சொற்களை ஒலிப்பதிவு செய்து தொகுக்க முனைந்தால் அது பயனுள்ள களப்பணியாக அமையும்.

இவ்வாய்வுக்காகச் சென்னையில் ஒரு கைவினைஞரின் பட்டறைக்குச் சென்றிருந்தபோது, கோலாலம்பூர் மாணவர் ஒருவரின் மிருதங்கத்தைத் தலை மாற்றுவதற்காக எடுத்துச் சென்றிருந்தேன். அவர் வலந்தலையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார். தொப்பியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, எருமைத்தோல் வளையத்துக்கும் ஆட்டுத்தோலுக்கும் இடையில் நகத்தை விட்டுச் சுரண்டினார். காய்ந்து இறுகிய ரவைத் துகள்கள் உதிர்ந்தன. அவற்றின் கீழே தோலைப் பூச்சி அரித்திருந்தது. “வாசிச்சு முடிச்சதும் சரியா வழிக்கலைங்க ஐயா. கையும் ரொம்ப ஈரமா வச்சிருக்காரு. அந்த ஊரு ஈரத்துக்கு ரவையைக் கெட்டியாப் பிசையச் சொல்லுங்க” என்றார். அந்த மாணவரை அவர் பார்த்ததில்லை, வாசித்துக் கேட்டதுமில்லை. பழைய தொப்பியை அறுத்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, புதிய ஆட்டுத்தோலை நீரிலிருந்து தூக்கி விரித்தார்.